கல்லாப்பெட்டியில் பிறந்த வைஃபை

"போன்ல வருது, லேப்டாப்ல மட்டும் வரல." வீட்டு வைஃபை பற்றி யார் புலம்பினாலும் முதல் வரி இதுதான். அடுத்து வருவதும் நமக்குத் தெரிந்ததுதான். ரவுட்டரை அணைத்துப் போட்டாச்சு, பாஸ்வேர்டை மூன்று தடவை அடித்தாச்சு, கடைசியில் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் அவர் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "வைஃபை கார்டு போயிருக்கும், பழசு வேற, புதுசா வாங்கிடுங்க" என்கிறார். வீட்டில் இருப்பதே ஒரு லேப்டாப், அதுவும் அண்ணன் படித்து முடித்துவிட்டுத் தம்பிக்குத் தள்ளிவிட்டது என்றால், அந்த ஒரு வாக்கியத்தின் விலை முப்பதாயிரம் ரூபாய்.

என் கட்சி என்னவென்றால், அந்த லேப்டாப் பெரும்பாலும் சாகவில்லை. அதற்கும் ரவுட்டருக்கும் நடுவில் இருப்பது ஒரு தேதித் தகராறு. நாம் வைஃபை என்று ஒரே பேரில் கூப்பிடுவது, 1985லிருந்து பலர் எடுத்த முடிவுகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி வைத்த சமாசாரம். உங்கள் லேப்டாப் ஏதோ ஒரு வருஷத்து அடுக்கோடு நின்றுவிட்டது. ரவுட்டரோ நேற்று வந்தது. எந்த அடுக்கில் இரண்டும் முட்டிக்கொள்கின்றன என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஆகவே இது வரலாற்றுப் பதிவுதான், நடுநடுவே ரிப்பேர் வேலையும் உண்டு. கொஞ்சம் நீளம். டீயோ காபியோ எடுத்து வைத்துக்கொண்டு வாசிக்கவும்.

பி.காம். படிக்கிறவனுக்கு ரேடியோ அலையில் என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு: இந்தக் கதை தொடங்குவதே கல்லாப்பெட்டியில். அதனால் எனக்கும் கொஞ்சம் பாத்தியதை உண்டு :-)

முதலில் வானம். 1985 மே 9 அன்று அமெரிக்காவின் வானலைகளுக்குக் காவல்காரரான எஃப்.சி.சி., மூன்று அலைவரிசைப் பட்டைகளை உரிமம் இல்லாமலே யாரும் தகவல் அனுப்பப் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. 902 முதல் 928 மெகாஹெர்ட்ஸ், 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ், 5725 முதல் 5850 மெகாஹெர்ட்ஸ். உள்ளே இருந்து இதற்காக விடாமல் மல்லுக்கட்டியவர் மைக்கேல் மார்கஸ் என்ற பொறியாளர். பெரிய தாராள மனசு என்று நினைத்துவிட வேண்டாம். மூன்றுமே யாரும் சீந்தாத குப்பைப் பட்டைகள். 1947ல் அட்லாண்டிக் சிட்டியில் கூடிய சர்வதேச மாநாடு, தொழிற்சாலை, விஞ்ஞானம், மருத்துவம் ஆகியவற்றின் கருவிகள் இரைச்சல் போட்டுக்கொள்ளட்டும் என்று ஒதுக்கி வைத்த இடங்கள் அவை. மைக்ரோவேவ் அடுப்பு வேலை செய்வதும் அந்த 2.4 கிகாஹெர்ட்ஸில்தான். எஃப்.சி.சி. போட்ட நிபந்தனையும் அதற்கேற்ற மாதிரி: சக்தி குறைவாக இருக்கணும், அலையைப் பரப்பி அனுப்பணும், அடுத்தவருக்கு இடைஞ்சல் தரக்கூடாது, அடுத்தவர் இடைஞ்சல் செய்தால் பொறுத்துப் போகணும்.

அந்தக் கடைசி நிபந்தனை இன்றைக்கும் அமலில் இருக்கிறது. சமையலறையில் மைக்ரோவேவ் சுற்றும்போது மட்டும் லேப்டாப் இணைப்பு அறுகிறது என்றால், லேப்டாப்பில் கோளாறு தேட வேண்டாம். வைஃபைதான் அடுப்பு வீட்டில் ஒண்டுக்குடித்தனம் வந்தது. அடுப்பு அதற்கு முன்பே அங்கே இருந்தது.

இலவசமாகக் கிடைத்த இந்த இடத்தை யார் உபயோகிப்பார்கள்? முதலில் ஓடி வந்தவர்களில் ஒருவர் கம்ப்யூட்டர் உலகத்துப் பெரிய மனிதர் இல்லை, கல்லாப்பெட்டி செய்கிறவர். நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர், சுருக்கமாக என்.சி.ஆர். அமெரிக்காவின் டேட்டன் நகரத்தில் 1884ல் தொடங்கிய நிறுவனம். அவர்களுடைய வாடிக்கையாளர்கள் பெரிய பெரிய டிபார்ட்மென்ட் கடைகள். நம்மூர் ஜவுளிக்கடையில் தீபாவளிக்கு முன் ஒரு தடவை, பொங்கலுக்கு முன் ஒரு தடவை பிரிவுகளை இடம் மாற்றுவார்களே, அதே கதைதான் அங்கேயும். கல்லா எல்லாம் கம்பி வழியாகக் கம்ப்யூட்டரோடு இணைந்திருக்கும். கல்லாவை நகர்த்தினால் தரையை உடைத்துக் கேபிளையும் நகர்த்த வேண்டும். கம்பியே இல்லாமல் செய்துவிட்டால்? நெதர்லாந்தில் யூட்ரெக்ட் அருகே இருந்த அவர்களுடைய பொறியியல் பிரிவு இந்த வேலையை எடுத்துக்கொண்டது.

அங்கே இருந்த இரண்டு பேர் முக்கியம். ப்ரூஸ் டக், விக் ஹேய்ஸ். ரேடியோ வேலை செய்கிறது, சரி. ஆனால் கடைக்காரர் கல்லாவை ஒருவரிடம், பிரின்டரை இன்னொருவரிடம், கம்ப்யூட்டரை மூன்றாமவரிடம் வாங்குகிறவர். எல்லோருடையதும் ஒன்றோடொன்று பேசாவிட்டால் ஒருவரும் வாங்கமாட்டார். அதனால் 1988ல் அவர்கள் ஐ.இ.இ.இ. என்ற பொறியாளர் சங்கத்தின் வாசலைத் தட்டினார்கள். 1990ல் இதற்கென்றே ஒரு குழு அமைந்தது. அதன் எண் 802.11. விக் ஹேய்ஸ் பத்து வருஷம் அதன் தலைவர். என்.சி.ஆர். தன்னுடைய வேவ்லேன் கார்டை 1990லேயே விற்கத் தொடங்கிவிட்டது. தரநிலை வருவதற்கு 1997 ஆகிவிட்டது.

ஏழு வருஷம் பேசி என்ன முடிவெடுத்தார்கள் என்று பார்த்தால் சிரிப்பு வரும். வேகம் வினாடிக்கு 1 அல்லது 2 மெகாபிட். அனுப்பும் முறை மூன்று: அலைவரிசை தாவுதல், அலையைப் பரப்புதல், அகச்சிவப்பு ஒளி. மூன்றில் எதைச் செய்தாலும் 802.11 என்று போட்டுக்கொள்ளலாம், ஆனால் ஒன்றோடு மற்றொன்று பேசாது. இதற்குப் பேர் தரநிலை! கூட்டுக்குடும்பத்தில் எல்லோரையும் திருப்திப்படுத்தப் போடப்பட்ட பாகப்பிரிவினைப் பத்திரம் மாதிரி இருக்கிறது.

இந்தக் குழப்பம்தான் 1999ல் ஆறு நிறுவனங்களை ஒன்று சேர வைத்தது. லூசென்ட் (என்.சி.ஆரை 1991ல் ஏ.டி.&டி. விழுங்கி, 1996ல் பிரிந்தபோது அந்த நெதர்லாந்துக் குழு லூசென்ட் கையில் வந்திருந்தது), நோக்கியா, 3காம் எல்லாம் அதில் உண்டு. அந்த வருஷம் வந்த 802.11பி என்ற 11 மெகாபிட் முறையை எடுத்து, "எங்கள் முத்திரை உள்ள எந்தப் பொருளும் இன்னொன்றோடு பேசும்" என்று சோதித்துச் சான்று கொடுப்பது அவர்கள் வேலை. 802.11பி என்ற பேரை வைத்துக்கொண்டு தெருவில் விற்க முடியாது அல்லவா, இன்டர்பிராண்ட் என்ற பெயர் சூட்டும் நிறுவனத்திடம் காசு கொடுத்து வாங்கிய பேர்தான் வை-ஃபை. "வயர்லெஸ் ஃபிடெலிட்டி" என்பதன் சுருக்கம் என்று இன்றும் பொது அறிவுப் புத்தகங்களில் போடுகிறார்கள். அப்படி இல்லை. ஹை-ஃபை மாதிரி காதுக்கு நன்றாக இருக்கிறது என்று வைத்த பேர். அர்த்தம் வேண்டுமே என்று பிறகு விளம்பரத்தில் அந்த வாசகத்தை ஒட்டினார்கள், கொஞ்ச நாளில் எடுத்தும் விட்டார்கள்.

அதே சமயத்தில் ஹோம்ஆர்எஃப் என்று ஒரு போட்டியாளர் இருந்தார். 1998ல் பெரிய பெரிய பேர்களோடு தொடங்கியது, 2003 ஜனவரியில் கடையைக் கட்டியது. பேரிலேயே "வீடு" இருந்தும், வீட்டுக்குள் வந்தது கல்லாப்பெட்டிக்காரருடையதுதான்.

வீட்டுக்குள் கொண்டுவந்தவர்கள் இரண்டு பேர். 1999 ஜூலை 21 அன்று நியூயார்க்கில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு ஐபுக்கைக் கையில் வைத்துக்கொண்டு இணையத்தில் உலாவினார். கம்பி இல்லை என்று நிரூபிக்க, மேஜிக் ஷோவில் செய்வது மாதிரி ஒரு வளையத்துக்குள் அதை நுழைத்துக் காட்டினார். உள்ளே இருந்த கார்டு லூசென்ட் செய்தது. விலை 99 டாலர், அடித்தளப் பெட்டி 299 டாலர். இன்னொருவர் இன்டெல். 2003 மார்ச்சில் சென்ட்ரினோ என்ற பேரில், பிராசஸர், சிப்செட், வைஃபை கார்டு மூன்றும் தன்னுடையதாக இருந்தால்தான் லேப்டாப்பில் அந்த ஸ்டிக்கரை ஒட்டலாம் என்றது. விளம்பரத்துக்கு 300 மில்லியன் டாலர். வேறு கம்பெனி வைஃபை கார்டு போட்டால் ஸ்டிக்கரும் கிடையாது, விளம்பரப் பணத்தில் பங்கும் கிடையாது. லேப்டாப் என்றாலே உள்ளே வைஃபை இருக்கும் என்ற வழக்கம் பரவியதில் இந்த ஸ்டிக்கருக்குப் பெரிய பங்கு உண்டு. மார்க்கெட்டிங் பேப்பரில் இதைக் கேட்டால் நான் பத்துப் பக்கம் எழுதுவேன், கேட்கத்தான் மாட்டேன் என்கிறார்கள்.

இந்தியாவில் இது கொஞ்சம் தாமதம். 1933ஆம் வருஷத்து வெள்ளைக்காரன் காலத்துச் சட்டப்படி, கம்பியில்லாத் தந்திக் கருவி எதையும் வைத்திருக்கவே உரிமம் வேண்டும். 2005 ஜனவரியில்தான் 2.4 முதல் 2.4835 கிகாஹெர்ட்ஸ் வரை குறைந்த சக்திக் கருவிகளுக்கு உரிமம் தேவையில்லை என்று மத்திய அரசு அறிவித்தது. 5 கிகாஹெர்ட்ஸ் அப்போது கட்டடத்துக்குள் மட்டும், அதுவும் சில துண்டுகள். பெரிய அளவில் திறந்தது 2018 அக்டோபரில்.

இங்கேதான் நம் முதல் தேதித் தகராறு. 2011 செப்டம்பரில் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. அந்தக் காலத்தில் வந்த லேப்டாப்கள் இன்றும் வீடுகளில் தம்பி தங்கைகளுக்கு உழைத்துக்கொண்டிருக்கின்றன. அப்போதைய விலை குறைந்த லேப்டாப்களில் பெரும்பாலும் 2.4 மட்டும்தான் உண்டு. 5 என்றால் அதற்குக் காது கிடையாது. புது ரவுட்டரை மாட்ட வந்தவர் 5ஐ மட்டும் இயக்கிவிட்டுப் போயிருந்தால், போன் அதைப் பார்க்கும், லேப்டாப்புக்கு அப்படி ஒரு பேரே பட்டியலில் தெரியாது. ரவுட்டர் பக்கத்தில் 2.4ஐயும் இயக்கி, அதற்குத் தனிப் பேர் வைத்துவிட்டால் தீர்ந்தது. பேர் தெரியவில்லை என்பதும், பேர் தெரிகிறது ஆனால் சேர மறுக்கிறது என்பதும் வெவ்வேறு வியாதி. முதலில் இதைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

பேரே தெரியாததற்கு இன்னும் இரண்டு காரணம். 2.4க்குள் 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் சேனல்கள் உண்டு. அமெரிக்காவில் 11 வரை, ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் 13 வரை. (ஜப்பானில் 14வது ஒன்றும் உண்டு, அது தனிக்கதை.) அமெரிக்காவிலிருந்து மாமா கொண்டுவந்து கொடுத்த லேப்டாப், ரவுட்டர் 12லோ 13லோ உட்கார்ந்திருந்தால் சில சமயம் அதைக் கண்டுகொள்ளாது. ரவுட்டரை 1, 6, 11 இவற்றில் ஒன்றுக்கு மாற்றுங்கள். மூன்றும் ஒன்றன் மேல் ஒன்று ஏறாத சேனல்கள் என்பதால் அடுக்குமாடியிலும் அவைதான் உத்தமம். இன்னொரு காரணம் டிரைவர். வைஃபை 6 என்ற பேரில் 802.11ஏஎக்ஸ் ரவுட்டர்கள் வந்தபோது, இன்டெலின் சில பழைய கார்டுகள் பழைய டிரைவரோடு இருந்தால் அந்த ரவுட்டரின் பேரையே காட்டவில்லை. புது மாதிரி அறிவிப்பைப் படிக்கத் தெரியாமல் தூக்கிப்போட்டுவிட்டன. கார்டு நன்றாகத்தான் இருந்தது, டிரைவரைப் புதுப்பித்ததும் கண் தெரிந்தது. "கார்டு போச்சு" என்று சொல்லும் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, டிரைவர் என்ன தேதி என்பதுதான்.

லேப்டாப்பை அரை அடி நகர்த்தினால் சிக்னல் வருவது, திரும்ப வைத்தால் போவது, இதற்கும் ஒரு கதை இருக்கிறது. அலை நேராகவும் வரும், சுவரில் பட்டுத் தெறித்தும் வரும். இரண்டும் முன்பின்னாக வந்து ஒன்றையொன்று கெடுக்கும். ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. ஆய்வு நிறுவனத்தில் ஜான் ஓ'சல்லிவன் என்ற ரேடியோ வானியலாளரும் சகாக்களும் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்து 1996ல் அமெரிக்கக் காப்புரிமை வாங்கினார்கள். வெடிக்கும் கருந்துளைகளிலிருந்து ரேடியோத் துடிப்பு வருமா என்று எழுபதுகளில் அவர் தேடியபோது கைவந்த கணக்கு அதில் உதவியது. துடிப்பு கிடைக்கவில்லை, காசு கிடைத்தது. 2009லும் 2012லும் பெரிய கம்ப்யூட்டர், போன் நிறுவனங்களோடு சமரசமாகி, எல்லாம் சேர்த்து 43 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை வசூல்.

சரி, பேர் தெரிகிறது, பாஸ்வேர்டும் சரி, ஆனாலும் சேரவில்லை. இந்த இடத்தில்தான் வரலாறு உண்மையிலேயே கனக்கிறது.

1997ன் தரநிலையில் பாதுகாப்புக்கு என்று வைத்தது டபிள்யூ.ஈ.பி. கம்பிக்குச் சமமான அந்தரங்கம் என்பது அந்தப் பேரின் பொருள். சாவியின் நீளம் 40 பிட். ஏன் இவ்வளவு குட்டை? தொண்ணூறுகளில் அமெரிக்கா வலுவான பூட்டுக் கணக்குகளை ஆயுதம் மாதிரி பாவித்தது, ஏற்றுமதி செய்யக் கட்டுப்பாடு. உலகம் முழுக்க விற்க வேண்டிய பொருள் என்றால் பூட்டு குட்டையாகத்தான் இருக்க வேண்டும். அந்த 40ஓடு ஒவ்வொரு பொட்டலத்துக்கும் மாறும் ஒரு 24 பிட் எண்ணைச் சேர்த்துக்கொண்டார்கள். பில் புக்கில் வரிசை எண் போடுகிறோமே, அந்த மாதிரி. ஒரே எண் இரண்டு பில்லில் வந்தால் ஆடிட்டர் விடமாட்டார். 24 பிட்டில் மொத்தம் 1,67,77,216 எண்கள்தான் உண்டு. வேலை மும்முரமாக ஓடும் நெட்வொர்க்கில் சில மணி நேரத்தில் தீர்ந்து, பழைய எண்ணே திரும்பி வரும். எதிரிக்கு அதுவே போதும். சாவியை 104 பிட்டாக நீட்டியபோதும் இந்த வரிசை எண் அப்படியே 24ல் நின்றது. கதவை இரும்பாக்கிவிட்டுத் தாழ்ப்பாளை மரத்திலேயே விட்ட மாதிரி.

2001ல் ஃப்ளூரர், மான்டின், ஷமீர் மூவரும் அதில் பயன்பட்ட ஆர்.சி.4 கணக்கின் பலவீனத்தை வெளியிட்டார்கள். சீக்கிரமே யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும் மென்பொருள்கள் வந்துவிட்டன. 2007ல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 104 பிட் சாவியை ஒரு நிமிஷத்துக்குள் எடுத்துக் காட்டினார்கள்.

இதில் அடி வாங்கியது யார் தெரியுமா? கல்லாப்பெட்டி. 2005ல் அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் மயாமி நகரத்து மார்ஷல்ஸ் கடைக்கு வெளியே, லேப்டாப்பும் ஆன்டெனாவும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். உள்ளே விலை பார்க்கும் கைக்கருவி, கல்லா, கடைக் கம்ப்யூட்டர் எல்லாம் டபிள்யூ.ஈ.பி. பூட்டோடு வைஃபையில் பேசிக்கொண்டிருந்தன. பூட்டை உடைத்து, அங்கிருந்து தாய் நிறுவனமான டி.ஜே.எக்ஸின் மத்தியக் கணினி வரை போய்விட்டார்கள். 2007 ஜனவரியில் நிறுவனம் திருட்டை வெளியில் சொன்னது. மார்ச்சில் சொன்ன கணக்கு, 4 கோடியே 57 லட்சம் கார்டு எண்கள். கனடாவின் அந்தரங்க ஆணையர்கள் விசாரித்தபோது தெரிந்தது, திருட்டு நடந்த சமயம் அந்த நிறுவனம் புதிய பூட்டுக்கு மாறிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. ஆனால் முடிக்கவில்லை. எத்தனை ஆயிரம் பழைய கருவிகளை மாற்ற வேண்டும், எவ்வளவு செலவு! கடைக்காரர்களுக்காகக் கண்டுபிடித்த பொருளின் குட்டைப் பூட்டு, கடைக்காரர்கள் தலையிலேயே விடிந்தது.

பூட்டே போடாதவர்களுக்கும் இந்தியாவில் பாடம் கிடைத்தது. 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சற்று முன்னால் டி.வி. சேனல்களுக்கு வந்த மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் சம்பந்தமே இல்லாத ஒருவரின் திறந்த வைஃபை வழியாகப் போயிருந்தது. போலீஸ் முதலில் போய் நின்றது அவர் வீட்டு வாசலில். 2009 பிப்ரவரியில் தொலைத்தொடர்புத் துறை, பூட்டில்லாத வைஃபை கூடாது என்று இணையம் தரும் நிறுவனங்களுக்கு உத்தரவு போட்டது.

டபிள்யூ.ஈ.பி. உடைந்ததும் 2003ல் அவசரத்துக்கு வந்தது டபிள்யூ.பி.ஏ. இதைச் செய்தவர்களை எனக்குப் பிடிக்கும். விற்றுப்போன கோடிக்கணக்கான கார்டுகளைக் குப்பையில் போடச் சொல்லாமல், அதே பழைய வன்பொருளில் மென்பொருளை மட்டும் மாற்றி ஓடும்படி ஒட்டுப்போட்டார்கள். அந்த ஒட்டின் பேர் டி.கே.ஐ.பி. 2004ல் டபிள்யூ.பி.ஏ.2 முறையாக வந்தது, இதில் ஏ.இ.எஸ். என்ற வலுவான பூட்டு. 2006 மார்ச்சிலிருந்து சான்று வேண்டுமானால் இது கட்டாயம். வன்பொருள் தயாராக இருந்தாலும் விண்டோஸ் எக்ஸ்பிக்கு இது தெரியாது. 2005ல் தனியாக ஒரு அப்டேட் இறக்கிப் போட வேண்டியிருந்தது. அதைப் போடாதவர்கள் அன்றைக்கும் "பாஸ்வேர்டு சரியாத்தான் அடிக்கிறேன், சேர மாட்டேங்குது" என்றுதான் புலம்பியிருப்பார்கள்.

அந்த டி.கே.ஐ.பி. ஒட்டுக்கு ஒரு வால் உண்டு. 2009ல் வந்த 802.11என் முறையிலிருந்து, வேகம் வேண்டுமானால் ஏ.இ.எஸ். இருக்க வேண்டும். டி.கே.ஐ.பி.யிலோ டபிள்யூ.ஈ.பி.யிலோ இணைந்தால் 54 மெகாபிட்டுக்கு மேல் ஏறாது. லேப்டாப் சேர்கிறது ஆனால் ஆமை வேகம், 54 என்ற எண்ணிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறது என்றால் ரவுட்டரில் பாதுகாப்பு முறையைப் பாருங்கள்.

2017 அக்டோபரில் மேத்தி வான்ஹூஃப் என்ற பெல்ஜிய ஆய்வாளர் டபிள்யூ.பி.ஏ.2 கைகுலுக்கும் முறையிலேயே ஒரு ஓட்டை காட்டினார். அடுத்த வருஷமே டபிள்யூ.பி.ஏ.3 வந்தது. 2020 ஜூலையிலிருந்து சான்று பெறும் புதுக் கருவிகளுக்கு அது கட்டாயம். இன்றைக்கு "போன்ல வருது, லேப்டாப்ல வரல" என்பதற்கு நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். விண்டோஸ் 10லேயே 2019ல் வந்த 1903 பதிப்பிலிருந்துதான் டபிள்யூ.பி.ஏ.3 தெரியும். விண்டோஸ் 7க்குத் தெரியவே தெரியாது. 2013ல் வாங்கிய லேப்டாப், ரவுட்டரில் "டபிள்யூ.பி.ஏ.3 மட்டும்" என்று இருந்தால், பேரைப் பார்க்கும், கதவைத் தட்டும், திருப்பி அனுப்பப்படும். திரையில் வரும் செய்தியோ "இந்த நெட்வொர்க்கோடு இணைய முடியவில்லை" என்ற ஒற்றை வரி. காரணம் சொல்லாத பியூன் மாதிரி.

இதற்கு ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் டபிள்யூ.பி.ஏ.2, டபிள்யூ.பி.ஏ.3 இரண்டையும் ஏற்கும் கலப்பு முறை இருக்கும். அதைப் போடுங்கள். சில பழைய கார்டுகள் கலப்பு முறையிலும் முரண்டு பிடிக்கும். அப்போது 2.4க்கு மட்டும் டபிள்யூ.பி.ஏ.2 ஏ.இ.எஸ். என்று தனியாகக் கொடுத்துவிட்டு, 5ஐப் புது முறையில் விடலாம். பிறகு லேப்டாப்பில் அந்த நெட்வொர்க்கை மறக்கச் சொல்லிவிட்டு (ஃபர்கெட்) புதிதாகச் சேருங்கள், இல்லாவிட்டால் அது பழைய பூட்டையே நினைவில் வைத்துக்கொண்டு மல்லுக்கு நிற்கும். எக்காரணம் கொண்டும் பழைய லேப்டாப்புக்காக டபிள்யூ.ஈ.பி.க்கு மட்டும் இறங்காதீர்கள். அதுவும் முடியாத கிழட்டு லேப்டாப் என்றால், சில நூறு ரூபாய் யு.எஸ்.பி. வைஃபை டாங்கிள் ஒன்று போதும். முப்பதாயிரம் வேண்டாம்.

கடைசியாக ஒரு வியாதி. சேர்ந்துவிட்டது, ஆனால் இணையம் இல்லை. கமாண்ட் ப்ராம்ப்டில் ஐபிகான்ஃபிக் என்று அடித்து முகவரியைப் பாருங்கள். 192.168 என்று தொடங்கினால் பெரும்பாலும் லேப்டாப் யோக்கியன், கோளாறு ரவுட்டருக்கு அந்தப் பக்கம். 169.254 என்று தொடங்கினால், யாரும் முகவரி தரவில்லை, லேப்டாப் தனக்குத்தானே ஒன்று வைத்துக்கொண்டது என்று பொருள். முகவரி பகிர்ந்து கொடுக்கும் டி.எச்.சி.பி. முறை 1993ல் வந்தது. கிடைக்காவிட்டால் சொந்தமாக வைத்துக்கொள்ளும் பழக்கத்தை விண்டோஸ் 98 கொண்டுவந்தது. டபிள்யூ.ஈ.பி. காலத்தில் இந்த 169.254க்கு ஒரு ரகசிய அர்த்தம் இருந்தது. அதில் சேரும்போது பெரும்பாலும் பாஸ்வேர்டைச் சரிபார்க்கவே மாட்டார்கள். தப்பாக அடித்தாலும் "இணைந்தது" என்று காட்டும், ஆனால் ஒரு எழுத்து கூடப் புரியாது, முகவரியும் கிடைக்காது. இப்போதைய பூட்டுகள் தப்பான பாஸ்வேர்டை வாசலிலேயே நிறுத்திவிடும். ஆகவே இன்று 169.254 வந்தால் பாஸ்வேர்டைச் சந்தேகிக்காமல், யாரோ கையால் போட்டு வைத்த முகவரி அமைப்பு ஏதாவது இருக்கிறதா, ரவுட்டரின் முகவரிப் பட்டியல் நிரம்பிவிட்டதா என்று பாருங்கள். ரவுட்டரை அணைத்துப் போடும் கைவைத்தியம் நிஜமாகவே பலிக்கும் இடம் இதுதான்.

பி.கு: "வைஃபையைக் கண்டுபிடித்தவர் ஹாலிவுட் நடிகை ஹெடி லமார்" என்று ஒரு தகவல் சுற்றிக்கொண்டிருக்கிறது. அவரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆன்தைலும் 1942ல் காப்புரிமை வாங்கியது உண்மை. பியானோச் சுருள் மாதிரி ஒன்றைச் சுழற்றி, 88 அலைவரிசைகளில் தாவித் தாவி டார்பிடோவுக்குக் கட்டளை அனுப்பும் முறை அது. பிரமாதமான யோசனை. ஆனால் அலைவரிசை தாவும் முறை 1997ன் அந்த மூன்றில் ஒன்றாக இருந்ததோடு சரி, 1999ல் ஜெயித்த 802.11பி அதைப் பயன்படுத்தவில்லை. தாவுவது ப்ளூடூத். உங்கள் ஹெட்செட் சேராவிட்டால் லமார் அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள், வைஃபை சேராவிட்டால் கல்லாப்பெட்டியை.